மூன்றாவது ஊசி

குளுவாங்
12 பிப்ரவரி 2024

அன்புள்ள பிரவீனா அக்காவுக்கு,

தம்பி குணாளன் எழுதுறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பல் வலி இருந்துச்சு, புடுங்கிட்டாங்க, இப்ப தேவலை. நீ எப்படி இருக்க? மாமா, உன் மாமியார் எல்லாரும் சுகமா?

தீபாவளிக்கு வந்து பார்த்துட்டுப் போன. அதுக்கப்புறம் வரல. கோவிச்சுக்கிட்டு கேக்கல, சும்மா கேக்குறேன். போன் பேச விடுற அன்னைக்கு, நான் இங்க பதிஞ்சு குடுத்த மாமா நம்பருக்கு மட்டும்தான் பேசலாம். அவர் லோரி ஓட்டிட்டு இருப்பார், எடுக்க மாட்டார். அதான் கடிதம். தமிழ்ல எழுதினா தமிழ் தெரிஞ்ச ஆபிசர் வந்து படிச்ச பிறகுதான் வெளிய போகும். லேட்டாச்சுன்னா பயப்படாத.

ஜெயில்ல புதுசா ஒரு வகுப்பு ஆரம்பிச்சிருக்காங்க. இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மட்டும். உடம்பைப் பத்தி, ஆம்பளை பொம்பளை உறவைப் பத்தி, அதுல வர்ற நோயைப் பத்தி. அந்த ஹால்ல காத்தாடி இருக்கு, முடிஞ்சதும் மைலோ தர்றாங்க, அதுக்காகத்தான் பேர் குடுத்தேன். லூசின்னு ஒரு மிஸ்ஸி வர்றாங்க. நம்மாளு. அரசாங்க ஆஸ்பத்திரியில நர்ஸா வேலை பார்த்து ரிடையர் ஆனவங்க. எல்லாருக்கும் மலாய்ல பேசுவாங்க, எங்ககிட்ட தமிழ்ல.

வேற விசேஷம் இல்ல. ஒரு நாள் மாதிரிதான் இன்னொரு நாளும் போகுது. பதில் போடு.

தம்பி குணா

*

பாசிர் கூடாங்
9 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைச்சது. இங்க எல்லாரும் இருக்கோம். பல் புடுங்கின இடத்துல உப்புத் தண்ணி வச்சுக் கொப்பளி.

நான் முழுகாம இருக்கேன். மூணாவது மாசம் நடக்குது. ஃபேக்டரி வேலையை விட்டுட்டேன், மாமா விடச் சொல்லிட்டார். வீட்லதான் இருக்கேன். சமைக்கிறேன், துணி துவைக்கிறேன், மத்தியானம் கொஞ்ச நேரம் படுக்கிறேன்.

இப்போதைக்குப் பார்க்க வர முடியாது. அவ்வளவு தூரம் பஸ்ல வேண்டாம்னு சொல்றாங்க.

அந்த வகுப்பைப் பத்தியெல்லாம் கடிதத்துல எழுதாதடா. லெட்டர் பெட்டிச் சாவி மாமாகிட்ட இருக்கு. அவர் பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் என்கிட்ட தருவார். தப்பா ஒண்ணும் இல்ல, அவர் பழக்கம் அப்படி.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா பிரவீனா

*

குளுவாங்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நான் சுகம். அங்க எல்லாரும் சுகமா? சேதியைப் படிச்சிட்டு பக்கத்துல படுக்கிற கவின்கிட்ட சொன்னேன். "டேய், நீ தாய்மாமன் டா, காதுகுத்துக்கு மடியில உக்கார வைக்கணும்லா"ன்னான். எனக்கு எப்படி உக்காருறதுன்னே தெரியாது. சந்தோஷம்க்கா. சந்தோஷமா இருக்குன்னுதான் நினைக்கிறேன். இங்க வந்ததுல இருந்து எதுவும் உடனே உள்ள இறங்க மாட்டேங்குது.

வகுப்பைப் பத்தி எழுதாதன்னு சொன்ன. மாமா படிச்சா படிக்கட்டும், அசிங்கமா ஒண்ணும் இல்ல.

போன வாரம் மிஸ்ஸி பலகையில ஆம்பளை உடம்பு, பொம்பளை உடம்பு ரெண்டையும் வரைஞ்சாங்க. பின்னாடி ஒருத்தன் விசில் அடிச்சான். மிஸ்ஸி திரும்பிக்கூடப் பார்க்கல. "விசில் அடிச்சவர் வந்து, குழந்தை எங்க வளருதுன்னு காட்டுங்க"ன்னாங்க. வந்தான். சோறு போற இரைப்பையைக் காட்டினான். ஒருத்தரும் சிரிக்கல. ஏன்னா எங்களுக்கும் அதுக்கு மேல தெரியாது.

இன்னொரு நாள் சம்மதம்னா என்னன்னு பேச்சு வந்துச்சு. கவின் எழுந்து, "அவ வேண்டாம்னு சொல்லலையே மிஸ்ஸி"ன்னான். "சரின்னு சொன்னாளா?"ன்னு கேட்டாங்க. கவின் உக்காந்துட்டான். மைலோகூடக் குடிக்கல.

சிபிலிஸ்னு ஒரு வியாதி இருக்காம். ஒரு புண் வரும், வலிக்காது, தானாவே ஆறிடும். போயிடுச்சுன்னு நினைப்பாங்க, ஆனா ரத்தத்துல இருக்குமாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு இருந்தா பிள்ளைக்கும் போகும். அதான் கிளினிக்ல முதல் தடவையே ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்களாம். உனக்கும் எடுத்திருப்பாங்க. எங்களுக்கும் எடுத்தாங்க, ரிசல்ட் இன்னும் வரல.

உடம்பைப் பார்த்துக்க.

குணா

*

பாசிர் கூடாங்
6 மே 2024

தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது.

பதில் போட நேரம் ஆயிடுச்சு. வெயில் தாங்கல. ரத்தம் கம்மின்னு மாத்திரை குடுத்திருக்காங்க. கிளினிக்ல ஊசியும் போடுறாங்க. ரெண்டு பக்கமும் இடுப்புக்குக் கீழ. ரெண்டு நாள் உக்கார முடியல. வாரம் ஒண்ணுன்னு மொத்தம் மூணு வாரம் வரச் சொன்னாங்க. ரெண்டு தடவை போயிட்டேன். சத்து ஊசின்னு மாமிகிட்ட சொல்லியிருக்கேன்.

மாமாவையும் ஒரு தடவை வரச் சொன்னாங்க. அவருக்கு லீவு கிடைக்கல.

பிள்ளை அசையுது.

இனிமே எனக்கு வகுப்பைப் பத்தி எழுத வேண்டாம்.

பிரவீனா

*

குளுவாங்
28 மே 2024

அன்புள்ள மாமா, மாமி, அக்காவுக்கு,

அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் இங்கு நலம். தையல் பட்டறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாளாக மழை. வகுப்பு முடிந்துவிட்டது. எனக்கு எந்தக் குறையும் இல்லை. மாமா லோரியைப் பார்த்து ஓட்டவும்.

இப்படிக்கு,
குணாளன்

*

குளுவாங்
28 மே 2024

பிரவீனா அக்கா,

இதைத் தம்போய்ல ஷர்மினி அக்கா வீட்டு விலாசத்துக்கு அனுப்புறேன். அங்க நாம அடுத்தடுத்த வீட்ல இருந்ததால நம்பர் ஞாபகம் இருக்கு. உங்க வீட்டுக்கு வேற ஒண்ணு எழுதியிருக்கேன், அதை மாமா படிச்சுக்கட்டும். வகுப்பு முடிஞ்சதுன்னு அதுல இருக்கிறது பொய். இன்னும் நடக்குது. நீ எழுத வேண்டாம்னு சொன்ன பிறகும் எழுதுறேன். கோவிச்சுக்க.

உன் கடிதத்தைப் படிச்சதுமே தெரிஞ்சிடுச்சு. அந்த ஊசியைப் பத்தி மிஸ்ஸி எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க.

வகுப்பு முடிஞ்சு எல்லாரும் மைலோ வாங்கப் போனப்ப, நான் நாற்காலியை அடுக்குற மாதிரி நின்னேன்.

"மிஸ்ஸி, ரெண்டு பக்கமும் ஊசி, மூணு வாரம். அது சத்து ஊசியா இருக்குமா?"

"யாருக்குக் கேக்குறீங்க?"

"எனக்குத்தான்."

"உங்க ரிசல்ட் வந்துடுச்சு குணாளன். ஒண்ணும் இல்ல." அப்புறம் கொஞ்சம் மெதுவா, "வீட்ல யாரும் மாசமா இருக்காங்களா?"ன்னாங்க.

நான் இன்னொரு நாற்காலியை எடுத்து அடுக்கினேன். அவங்க மேல கேக்கல. அவங்க பாட்டுக்குச் சொன்னாங்க: "பார்க்காம நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனா சிபிலிஸா இருந்தா அது குணமாகுற வியாதி. மூணு ஊசியும் தவறாமப் போட்டா தாயும் பிழைக்கும், பிள்ளையும் பிழைக்கும். புருஷனுக்கும் பார்க்கணும். அவர் மருந்து போடாம மறுபடியும் சேர்ந்தா திரும்ப வந்துடும். அது வரைக்கும் அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லலாம். சொல்ற உரிமை அவளுக்கு இருக்கு. புருஷனைக் கூப்பிட அவளுக்குப் பயமா இருந்தா கிளினிக் மிஸ்ஸிகிட்ட சொல்லட்டும். அவங்களே கூப்பிடுவாங்க."

அவ்வளவுதான். அவங்க சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன். இதைப் படிக்கிற ஆபிசருக்கும் இப்ப தெரியும். பரவால்ல, அவர் வீட்லயும் பொண்ணுங்க இருப்பாங்க.

எப்படி வந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். ஊசியை மட்டும் போட்டுடு.

குணா

*

தம்போய்
14 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

நல்லா இருக்கியா? கடிதம் வந்திருக்குன்னு ஷர்மினி ரெண்டு தடவை போன் பண்ணா. வர வழி கிடைக்கல. இன்னைக்குப் பிள்ளைக்குத் துணி வாங்கணும்னு சொல்லிட்டு பஸ் ஏறி வந்தேன். அவ அடுப்படி மேசையில உக்காந்து எழுதுறேன். அவ எதுவும் கேக்கல. டீ போட்டு வச்சுட்டு, பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டா.

நீ நினைச்சது சரிதான்.

கிளினிக்ல முதல்ல சொன்னப்ப வேற யாரோட ரத்தமோ மாறிப்போச்சுன்னு நினைச்சேன். மறுபடியும் எடுத்தாங்க. அதேதான் வந்துச்சு. வெளிய வந்து மருந்து வாங்கற வரிசையில நின்னேன். என் நம்பரைக் கூப்பிட்டதே காதுல விழல. பக்கத்துல இருந்த மலாய்க்கார அம்மா தொட்டுச் சொன்னாங்க.

அன்னைக்கே மாமாகிட்ட சொன்னேன். அவர் சாப்பிட்டுட்டு இருந்தார். கோபமெல்லாம் படல. மீனை எடுத்து வச்சுக்கிட்டு, "எவன்கிட்ட வாங்கின?"ன்னு கேட்டார். குழம்பு இன்னும் வேணுமான்னு கேக்குற மாதிரி. அவரைத் தவிர எனக்கு யாரையும் தெரியாதுன்னு அவருக்கே தெரியும் குணா. தெரிஞ்சுதான் கேட்டார்.

சத்து ஊசின்னு சொல்லி வச்சிருந்தும் கொஞ்ச நாள்ல மாமிக்கும் தெரிஞ்சு போச்சு. எனக்குன்னு தனித் தட்டு, தனிக் கிளாஸ். என் துணியைத் தனியா ஊற வைக்கிறாங்க. திட்டறதில்ல. "உங்கம்மா இருந்திருந்தா சொல்லி வளர்த்திருப்பா"ன்னு ஒரு தடவை சொன்னாங்க, அவ்வளவுதான்.

ரெண்டு ஊசி போட்டேன். மூணாவது போடல. கிளினிக்ல இருந்து மாமாவுக்கு ஒரு தடவை போன் பண்ணாங்க. அன்னைக்கு என் அடையாள அட்டை ஐசியையும், பிள்ளைத்தாய்ச்சிக்குன்னு கிளினிக்ல குடுத்த பிங்க் புக்கையும் எடுத்து லோரியில வச்சுட்டார். "ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்காத, வீட்ல கெட"ன்னார். இப்ப ரெண்டு மாசம் ஆச்சு. வேண்டாம்னு சொல்லலாம்னு உங்க மிஸ்ஸி சொன்னதா எழுதியிருக்க. நான் ஒரு தடவை சொன்னேன். அவருக்குக் கேக்கல.

எனக்கு அழுகை வரல. ஏன்னு தெரியல. பிள்ளை உதைச்சா, சரி, இருக்குன்னு நினைச்சுக்கிறேன். வேற எதுவும் நினைக்கிறதில்ல.

உன் கடிதத்தை ஷர்மினிகிட்டயே குடுத்துட்டுப் போறேன். பதில் எழுதினா இங்கேயே எழுது. நான் எப்ப வருவேன்னு சொல்ல முடியாது.

அக்கா

*

குளுவாங்
29 ஜூலை 2024

அக்கா,

நான் நல்லா இருக்கேன். உன்கிட்ட அதைக் கேக்க முடியல.

உன் கடிதம் வந்த அன்னைக்குச் சாப்பிடல. வெளிய இருந்திருந்தா அன்னைக்கே பாசிர் கூடாங் வந்து அவரை அடிச்சிருப்பேன். அடிச்சிட்டு மறுபடியும் இங்கேயே வந்திருப்பேன், உன் ஊசி அப்படியே நின்னிருக்கும். ஒர்க்‌ஷாப் வாசல்ல நடந்த சண்டையில நான் உள்ள வந்தது அப்படித்தானே. அன்னைக்கு யாருக்காகப் போனேனோ அவன் இப்ப வரைக்கும் ஒரு தடவை வந்து பார்க்கல.

லூசி மிஸ்ஸியைக் கேட்டுட்டேன். இப்ப நேரா சொல்லிட்டேன், என் அக்காதான்னு. அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. சொன்னதைக் கேட்டுக்க:

நடுவுல இவ்வளவு நாள் விட்டதால பழைய ரெண்டு கணக்குல சேராது. மறுபடியும் முதல்ல இருந்து மூணும் போடணும். இன்னும் நேரம் இருக்கு. பிரசவத்துக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடியே முடியணும், அதனால இந்த வாரமே போகணும். பிங்க் புக் இல்லாட்டி பரவால்ல, ஐசி இல்லாட்டியும் பரவால்ல. உன் பேரு அங்க பதிவுல இருக்கு. போய் நின்னு, "நான் ஊசி தவறவிட்ட ஆளு"ன்னு சொன்னா போதும். யாரும் விரட்ட மாட்டாங்க. விரட்டினா டாக்டரைப் பார்க்கணும்னு சொல்லு.

தட்டுல வராது. கிளாஸ்ல வராது. துணியில வராது. இது எங்க வகுப்புல விசில் அடிச்சவனுக்கே தெரியும்க்கா.

அவருக்குக் கேக்கலன்னு எழுதியிருந்த. அந்த வரியை நான் திரும்பப் படிக்கல. ஒரு தடவை படிச்சதே போதும். கேக்காத மாதிரி இருந்தா அது அவர் தப்பு, உன் தப்பு இல்லைன்னு மிஸ்ஸி உனக்குச் சொல்லச் சொன்னாங்க. நானும் சொல்றேன்.

என்னால இங்க இருந்து வேற ஒண்ணும் முடியாது. போ.

குணா

*

குளுவாங்
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? பதில் இல்ல. இதையும் ஷர்மினி அக்கா விலாசத்துக்குத்தான் போடுறேன்.

இன்னைக்கு மலேசியா தினம்னு சிக்கன் போட்டாங்க. வகுப்பு நிஜமாவே முடிஞ்சிடுச்சு. கடைசி நாள் மிஸ்ஸி எல்லாருக்கும் கை குடுத்தாங்க. என்கிட்ட மட்டும், "சேதி வந்துச்சா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னு தலையாட்டினேன்.

கடிதம் குடுக்கிற நேரத்துல எல்லாரும் எழுந்து நிப்பாங்க. நான் இப்ப நிக்கிறதில்ல. கவின் எனக்கும் சேர்த்து நிக்கிறான்.

ஒரு வரி போதும்.

குணா

*

தம்போய்
10 நவம்பர் 2024

அன்புத் தம்பி குணாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கு? உன் ரெண்டு கடிதமும் என்கிட்டதான் இருக்கு. எழுதாம இருந்ததுக்குக் காரணம் எதுவும் இல்ல. பேனாவை எடுப்பேன், வச்சுடுவேன்.

பெண் பிள்ளை பிறந்திருக்கா. அக்டோபர் மூணாம் தேதி. ரெண்டு கிலோ அறுநூறு.

நடந்ததை வரிசையா சொல்றேன். ஆகஸ்ட் மாசம் ஆரம்பத்துல உன் கடிதம் வந்திருக்குன்னு ஷர்மினி போன் பண்ணா. நான் வெளிய போக முடியாதுன்னேன். "அப்ப நான் படிக்கிறேன், நீ கேளு"ன்னா. பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டேன். "இந்த வாரமே"ன்னு நீ எழுதின இடத்தை அவ ரெண்டு தடவை படிச்சா.

மறுநாள் காலையில மாமா சிரம்பான் பக்கம் லோடு ஏத்திக்கிட்டுப் போனார். கிளினிக் போறேன்னு மாமிகிட்ட சொன்னேன்.

"அவன் வரட்டும், கேட்டுட்டுப் போ."

"அவர் வந்தா விட மாட்டார் மாமி."

"அப்ப போகாத."

நான் செருப்பை மாட்டினேன். அவங்க வாசல்ல வந்து நின்னாங்க. தடுக்கல. "இந்த வாசப்படி தாண்டினா திரும்ப வராத"ன்னாங்க. சரின்னேன். யோசிச்செல்லாம் சொல்லல, வாய்ல அதான் வந்துச்சு. கையில பர்ஸ் மட்டும்தான்.

கிளினிக்ல நீ சொன்ன மாதிரியே சொன்னேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு என்னை நிமிர்ந்து பார்த்தா. எழுந்து வந்து ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சா. யாரும் விரட்டல. அன்னைக்கே முதல் ஊசி போட்டு, புது பிங்க் புக்கும் குடுத்தாங்க. அங்க இருந்து பஸ் ஏறி ஷர்மினி வீட்டுக்கு வந்துட்டேன். மீதி ரெண்டு ஊசியும் தம்போய்லயே போட்டேன். மூணாவது ஊசி அன்னைக்கு ஷர்மினி கூட வந்தா. ஊசி போட்டதும் இடது கால் மரத்துப் போச்சு. அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன்.

பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில. சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம்னு பிள்ளைக்கும் பத்து நாள் மருந்து ஏத்தினாங்க. சின்னக் கையில ஊசி குத்தி பிளாஸ்டர் போட்டிருந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். மற்ற தாய்மாரெல்லாம் அழுதாங்க. நான் பிளாஸ்டர் ஓரத்தைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். போன வாரம் பிள்ளைக்கு மறுபடியும் ரத்தம் பார்த்தாங்க. நோயோட அளவு நல்லபடியா இறங்குதாம். இன்னும் சில மாசம் வந்து காட்டணும்.

தீபாவளி முடிஞ்ச ஞாயிற்றுக்கிழமை மாமா இங்க வந்தார். முறுக்கும் ஆரஞ்சும் வாங்கிட்டு வந்தார். ஷர்மினி கிரில் கதவைத் திறக்கல. நான் உள்பக்கம் நின்னேன், அவர் வெளிப்பக்கம்.

"கிளினிக்ல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. போனேன். எனக்கும் ஊசி போட்டாச்சு. மூணும்" அப்படின்னார்.

"சரி"ன்னேன்.

"பிள்ளையைப் பார்க்கணும்."

"தூங்குது."

"எல்லாம் முடிஞ்சு போச்சுலா பிரவீனா. வீட்டுக்கு வா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மெலிஞ்சிருந்தார். அவர் மேல கோபம் வரும்னு இருந்தேன், வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "மாமிகிட்ட சொன்னீங்களா, உங்ககிட்ட இருந்துதான் எனக்கு வந்துச்சுன்னு?"

அவர் ஆரஞ்சுப் பையைக் கை மாத்திக்கிட்டார்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப."

"சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அந்த நேரம் உள்ள பிள்ளை முனகினா. அழக்கூட இல்ல, முனகல்தான். எனக்குப் பால் இறங்கி சட்டை முன்பக்கம் நனைஞ்சு போச்சு. அவரும் அதைப் பார்த்தார், தலையைக் குனிஞ்சுக்கிட்டார். நான் திரும்பி உள்ள வந்துட்டேன்.

பிள்ளையை எடுத்து மடியில போட்டேன். கண்ணைத் திறக்காமலே குடிச்சா. அவர் எவ்வளவு நேரம் நின்னார், எப்ப போனார்னு எனக்குத் தெரியாது. முறுக்கு கிரில்ல தொங்குச்சுன்னு ஷர்மினி சொன்னா. அவ பிள்ளைங்க சாப்பிட்டாங்க. குடிச்சபடியே பிள்ளை தூங்கிட்டா, நானும் சுவத்துல சாய்ஞ்சபடி தூங்கிட்டேன். முழிச்சப்ப சாயங்காலம் ஆயிருந்துச்சு. கழுத்து வலிச்சது, பசிச்சது. எழுந்து போய் ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கல. பொறுமையா வைக்கலாம்னு இருக்கேன். மிஸ்ஸியைப் பார்த்தா பிள்ளை நல்லா இருக்குன்னு சொல்லு. உனக்குச் சளி பிடிக்கும், ஈரத் துணியைப் போட்டுக்கிட்டுப் படுக்காத.

அக்கா பிரவீனா